எண்பது டாலர் வாழைப்பழத் தோல்

பின்னால் வருகிறவன் வழுக்கட்டும் என்று வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டுப் பறப்பதுதான் 'மரியோ கார்ட்' வீடியோ கேம். 2025 ஜூனில், ஸ்விட்ச் 2 கேம் கருவியோடு வந்த 'மரியோ கார்ட் வேர்ல்டு' அமெரிக்காவில் 80 டாலர். முதலில் வழுக்கியது பர்ஸ்.

1990களிலும் சில கேட்ரிட்ஜ்கள் எழுபது, எண்பதுக்கு விற்றவைதானே, பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்றைய விலை மலிவு என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த கேட்ரிட்ஜுக்குள் விளையாட்டு இருந்தது. இப்போது சில விளையாட்டுகளுக்கு 'கேம் கீ கார்டு' என்று ஒன்று. காசு கொடுத்து வாங்கிச் செருகினால், விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள் என்கிறது. இலை போட்டு டோக்கனைப் பரிமாறுகிற பந்தி! புதுக் கருவியைச் சுற்றிக்காட்டும் 'வெல்கம் டூர்' வேறு. அதற்குத் தனியாக 10 டாலர். கல்யாண வாசலில் சந்தனத்துக்குச் சில்லறை கேட்கிற மரியாதை.

உண்மையான ரசிகன் எப்படியாவது பணம் புரட்டிவிடுவான் என்ற பொருளில் பேசினார் 'பார்டர்லேண்ட்ஸ்' விளையாட்டுப் புகழ் ராண்டி பிட்ச்ஃபோர்டு. பக்தியைச் சோதிப்பது சாமிகளின் வேலை என்றிருந்தோம்.

மைக்ரோசாஃப்ட், 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2'க்கு 80 என்று அறிவித்து, கூச்சல் கிளம்பியதும் வெளியீட்டுக்கு முன்பே 70க்கு இறங்கியது. மீன் சந்தையிலும் இப்படித்தான். அங்கே செவுளைத் தூக்கிப் பார்க்கவும் விடுவார்கள்.