மாப்ள கட்டின அவசரப் பொட்டி

வாங்க மாப்ள, வாங்க. பொட்டியத் திண்ணையில வையி. மெதுவா! அதுல ஒரு கீறல் விழுந்தா உங்கப்பன் என் தலையில கீறல் போட்டுடுவான். வெல கேட்டு ஊரே வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. மூடியில 'அவசரகாலத் தொடர்பு'ன்னு ஆரஞ்சு கலர்ல ஸ்டிக்கர் வேற. இதப் பாத்தாலே வர்ற புயலு பாதிக் கடல்ல பயந்துபோயி ஆந்திராப் பக்கம் திரும்பிடும்.

சரி, தொற. ஆகா, நூறு வாட்டு ஹாம் ரேடியோ. மைக்கு. அடாப்டரு. இத எங்க சொருகுவ? செவுத்துலயா? அதுவும் சரிதான், புயலன்னிக்கு மின்வாரியத்துக்காரங்க நம்ம வூட்டுக்குன்னு தனியா ஒரு கம்பி இழுத்து வுடுவாங்க. கஜா புயல் அடிச்சப்ப நீ ஆஸ்டல்ல இருந்த. 2018 நவம்பர் 16 விடியக்காலம் நாகப்பட்டினத்துக்கும் நம்ம வேதாரண்யத்துக்கும் நடுவால கரையேறுச்சு. மறுநாள் பாத்தா கரண்டு கம்பமெல்லாம் வயல்ல படுத்துக் கெடக்கு, செல்போன் டவரெல்லாம் ஊமை. அதனால பேட்டரி எங்கன்னு கேக்குறேன். 'அப்புறம் வாங்கிக்கலாம் மாமா'வா? வாங்கு வாங்கு, புயலுக்கு மூணாம் நம்பர்க் கூண்டு ஏத்துனப்புறம் சாவகாசமா ஆன்லைன்ல ஆர்டர் போடு.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டு, 12 வோல்ட்டு, 20 ஆம்பியர் அவருல ஒண்ணு போதும். கார் பேட்டரியத் தூக்கிக்கிட்டு அலையாத. அதுல பாதிக்கு மேல உறிஞ்சுனா அதோட ஆயுசு போச்சு. அந்த நூறு வாட்டுப் பெருமையயும் கொஞ்சம் கொறச்சுக்க. நூறு வாட்டுல பேசுனா ஏறக்குறைய 20 ஆம்பியர் குடிக்கும். 25 வாட்டுக்கு எறக்கிப் பாரு, கேக்குறவன் மீட்டர்ல ஒரே ஒரு எஸ் புள்ளிதான் எறங்கும். உன் கௌரவம் எத்தன புள்ளி எறங்கும்ங்கிறது எனக்குத் தெரியாது. பியூசு ரெண்டு கூட வச்சுக்க. சோலார் பலகை நல்லதுதான், ஆனா மலிவு சார்ஜ் கன்ட்ரோலரு வாங்குன, ரேடியோ பூரா கர்ருபுர்ருன்னு அதோட பாட்டுத்தான் கேக்கும்.

இப்ப ஏரியலுக்கு வருவோம். எங்க கட்டுவ? தென்னமரத்துலயா? ரொம்பச் சரி. கஜாவுல எந்தத் தென்ன மாப்ள நின்னுச்சு? தோப்புத் தோப்பா படுத்துதே! கட்டுறதுக்குக் கம்பத்தயும் நீயேதான் கொண்டு போவணும். மடக்குத் தூண்டில் கம்பு ஒண்ணு, இல்லாட்டி நம்ம மூங்கிலு. 40 மீட்டர் பேண்டுக்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி, பக்கத்துக்குப் பத்து. நடுவுல தூக்கி நிறுத்தி ரெண்டு கையயும் கீழ எறக்கிக் கட்டு. உசரம் பத்து பாஞ்சு அடியே போதும். இத ரேடியோப் போட்டியில ஜெயிக்கிறவன் கேட்டா சிரிப்பான், ஒசரமா கட்டுனாத்தான் அமெரிக்கா கேக்கும்பான். நமக்கு அமெரிக்கா எதுக்கு, நாகப்பட்டினம் கலெக்டர் ஆபீசும் திருச்சியும்தானே வேணும்? தாழ்வா கட்டுனா அலை நேரா மேல போயி, அயனமண்டலத்துல முட்டி, தலையில ஊத்துன தண்ணியாட்டம் நாலாபக்கமும் எறங்கும். முந்நூறு கிலோமீட்டர் சுத்துவட்டாரம் பகல்ல கணீர்னு கேக்கும். ராத்திரியானா இந்த 7 மெகாஹெர்ட்சு பேண்டுக்குத் திமிரு வந்துடும். பக்கத்து ஊர வுட்டுட்டு எங்கயோ தூரதேசத்துல போயி எறங்கும். அப்ப 80 மீட்டர் பேண்டு. கம்பிய ரெண்டு பங்கு ஆக்கணும். கடைசியில கழட்டி மாட்டுற மாதிரி ஒரு கொக்கி வச்சு நீட்டிக்க. சொல்லு, இந்தக் கம்பி உன் பொட்டியில எங்க? இல்ல. ஸ்டிக்கர் இருக்கு.

கையில இடுக்குற குட்டி செட்டு ரெண்டு வச்சிருக்க, அழகாத்தான் இருக்கு. நம்ம ஊரு சமதரை. ஒண்ணுக்கொண்ணு சில மைலு போனா பெரிசு. நடுவுல ரிப்பீட்டரு தூக்கி வுடும்பியே, அதுக்கும் கரண்டு வேணும். தெருவுக்குள்ள ஆளுங்கள ஏவ வச்சுக்க. லைசென்சு நகலயும் உள்ள போடு. கடலோரம் பாரு, கம்பி கட்டிக்கிட்டு நின்னா நீ உளவாளி இல்லன்னு யாருக்காவது காட்ட வேண்டியிருக்கும்.

2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்துன்னு ஒரு அம்மா, ஒரு குழுவோட போர்ட் பிளேருல போயி ஹாம் நெலயம் போட்டாங்க. என்னாத்துக்கு? அந்தமான்லேந்து உலகம் பூரா பேசி வெளயாட. 26-ந் தேதி சுனாமி வந்துச்சு. போன் செத்துது. வெளயாட்டுக்குக் கட்டுன அதே செட்டுலதான் தீவு நெலவரம் வெளியில போச்சு, காணாமப்போனவங்களத் தேடுன தகவலு உள்ள வந்துச்சு. அவங்க பொட்டியில ஸ்டிக்கர் இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. தெனமும் பேசிக்கிட்டிருந்த செட்டு, அவ்வளவுதான். நீ பிளாஸ்டிக் உறை கூடக் கிழிக்கலியே.

இன்னொண்ணு, நோட்டும் பென்சிலும் எங்க? 'போன்லயே குறிச்சுக்கிறேன்'ங்கிறியே, புத்திசாலிதான். ஈரத்துல பேனா எழுதாது, பென்சில்தான் எழுதும். யாருகிட்டேந்து யாருக்கு, எத்தன மணிக்கு, எத்தன வார்த்தைன்னு தலைப்புல போடு. எண்ணுன்னா ஒவ்வொண்ணாச் சொல்லு. இரைச்சல்ல இருபதும் அறுபதும் ஒண்ணாத்தான் கேக்கும். ரெண்டு, சைபர்ன்னு சொல்லலேன்னா இருபது மூட்ட அரிசி கேட்ட ஊருக்கு அறுபது போவும், மிச்ச ஊருக்காரன் உன்னத் தேடிக்கிட்டு வருவான். எதிராளி திருப்பிப் படிச்சுக் காட்டுற வரைக்கும் வுடாத.

வர்ற ஞாயித்துக்கெழம செல்போன உங்கம்மாகிட்ட குடுத்துட்டு, பொட்டியத் தூக்கிக்கிட்டு உப்பளத்துப் பக்கம் போ. நீயே கம்பி கட்டி ஒம்போது மணிக்கு 7.100-ல என்னக் கூப்புடு. மொதக் கூப்பாட்டுக்குப் பதிலு வரலன்னா செட்டு கெட்டுப்போச்சுன்னு ஸ்குரூ டிரைவர எடுத்துடாத. உங்க அத்தை காப்பி குடுக்குற நேரம் அது.