அடக்க விலைக் கூட்டாளி

கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று இரண்டு தரப்புதான் என்பது மற்ற ஊர்க் கணக்கு. விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு. அது ஒரே ஒரு ஆள். மாப்பிள்ளையின் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மாப்பிள்ளை படித்துவிட்டு பெங்களூருக்குப் போனார்; இவர் படித்ததாகச் சொல்லிவிட்டு ஊரோடு இருந்துகொண்டார். பத்திரிகையில் இவர் பெயர் இருக்காது, 'நண்பர்கள்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுவார். ஆனால் முகூர்த்தக்கால் ஊன்றுவதற்கு முந்தியே வந்து நிற்பவர் இவர்தான். வாடகைப் பாத்திரத்தில் ஒரு கரண்டி குறைகிறது என்று கடைக்காரரோடு சண்டை போட்டு முடித்த பிறகே ஊர் திரும்புபவரும் இவர்தான்.

கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டைப்பை மெல்லிய துணி. உள்ளே மடித்து வைத்திருக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாள் வெளியே தெரியும், தெரிய வேண்டும் என்பதற்காகவே தைத்தது. தொழில் என்ன என்று கேட்டால் ஒற்றைப் பதில் வராது. லேபிள் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் பங்கு. சித்தப்பாவின் பயர் ஆபீசில் கணக்கு. ஆடி பிறந்தால் தீபாவளி வரை வெளியூர் ஆர்டர். (இந்தப் பக்கம் பட்டாசு செய்கிற இடமும் ஆபீஸ், தீப்பெட்டி செய்கிற இடமும் ஆபீஸ். "மக ஆபீசுக்குப் போயிருக்கா" என்று ஓர் அம்மா சொன்னால் அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக முடிவு கட்டிவிட வேண்டாம்.)

இவருடைய பாசத்துக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. முன்பின் தெரியாதவருக்குச் சில்லறை விலை. தெரிந்தவருக்கு மொத்த விலை. சொந்தக்காரர் என்றால் அதிலும் கொஞ்சம் கழிவு. உயிர்க் கூட்டாளிக்கு மட்டும் அடக்க விலை. அதற்குக் கீழே அவர் இறங்குவதில்லை. அதற்குக் கீழே இருப்பது தானம். தானம் கொடுத்து ஒருத்தனை அவமானப்படுத்த அவருக்கு மனசு வராது.

அப்படிப்பட்டவருக்குத்தான் இப்போது சோதனைக் காலம். மாப்பிள்ளைகள் மண்டபத்தை விட்டுவிட்டுத் தோப்புக்குப் போகிறார்கள்.

மண்டபத்துக்கா பஞ்சம்? உறவின்முறை மண்டபம் இல்லாத ஊர் இந்தப் பக்கம் அபூர்வம். வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமைப் பணத்தில் கட்டியவை. விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலாவுக்கே மகமைப் பணம்தான் முதுகெலும்பு. ஆகவே தோப்பில் கல்யாணம் என்றதும் மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போனார். "ஏய்யா, மண்டபம் கெடைக்கலையா? நான் வேணா தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டா?" வீட்டு வாசலில் பந்தல் போட்டுத் தாலி கட்டிக்கொண்ட தலைமுறை அவர். அங்கிருந்து மண்டபத்துக்கு ஏறி வந்ததே பெரிய காரியம். மறுபடியும் மரத்தடிக்குப் போவது, அதுவும் மண்டபத்தைவிடக் கூடுதல் வாடகை கொடுத்துப் போவது, அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கரிசலும் சீமைக்கருவேலமும்தான் இந்தப் பக்கத்து இயற்கைக் காட்சி. பச்சையாக ஒரு பின்னணி வேண்டுமென்றால் மேற்கே மலையடிவாரத்துக்குத்தான் போக வேண்டும்: வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். நான் சொல்லும் கல்யாணம் செண்பகத்தோப்புப் போகிற பக்கம் ஒரு மாந்தோப்பில் நடந்தது.

முதல் அடி பத்திரிகையில் விழுந்தது. வாட்ஸ்அப்பில் வந்தது. சிவகாசிக்காரனுக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை! நாட்டில் பாதிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் வாழ்கிற ஊர் அது. "மாப்ள, பேப்பர்ல அடிக்கலையா?" என்று போன் போட்டார். அடித்திருக்கிறார்களாம், முக்கியமானவர்களுக்கு மட்டும். அதுவும் வந்தது. பழுப்பு நிறத்தில், சொரசொரவென்று ஒரு தாள். கல்யாணம் முடிந்ததும் மண்ணில் நட்டுத் தண்ணீர் ஊற்றினால் துளசி முளைக்குமாம். கூட்டாளி அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். யார் வீட்டுப் பத்திரிகை வந்தாலும் அவர் பெயரைப் படிப்பது பிறகுதான், முதலில் தேய்ப்பு. எத்தனை ஜிஎஸ்எம், மேட் லேமினேஷனா, ஃபாயில் ஒட்டியதா, எம்பாஸ் ஆழம் போதுமா என்று விரலே சொல்லிவிடும். இந்தத் தாளில் விரல் ஊமையாகிவிட்டது. "ரிஜிஸ்டர் ஒதுங்கியிருக்கு" என்று மட்டும் சொன்னார், அதாவது நிறத்தின் மேல் நிறம் சரியாக உட்காரவில்லையாம். மறு வாரம், மாப்பிள்ளைக்குத் தெரியாமல், அம்மா கேட்டுக்கொண்டதன் பேரில், ஐந்நூறு பத்திரிகை அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மஞ்சள் மூலை, மேலே பிள்ளையார், உள்ளே இரண்டு பக்கத்துக்குத் தாய்மாமன்கள். அடக்க விலை.

தோப்புக்கு வந்து இறங்கியவுடன் ஈவென்ட் மேனேஜ்மென்ட் பெண் ஒருத்தி, காதில் ஒயர், கையில் டேப்லெட், அவரைப் பார்த்து, "சார், டிரஸ் கோட் பேஸ்டல்" என்றாள். இவர் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "இதுக்கு மேல வெளுக்க முடியாதும்மா" என்றார்.

அதற்குப் பிறகு விலைபோடும் சுற்று. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மணமேடையைப் பார்ப்பார்கள். இவர் மேடைக்குப் பின்னால் போய்ச் சாரத்தைப் பார்ப்பார். நாற்காலி உறையின் துணி, மீட்டர் என்ன விலை. மல்லிகை எங்கிருந்து எடுத்தது. பன்னீர் டப்பாவுக்கு லேபிள் யார் அடித்தது. இவருக்கு விருதுநகரில் ஓர் உடன்பிறப்பு வகையும் உண்டு, அவர் சமையல்கட்டோடு நின்றுகொள்வார். சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, பருப்பு எந்த ஊர்ச் சரக்கு, வத்தல் சம்பாவா முண்டா, நல்லெண்ணெயில் கலப்பு உண்டா என்று சொல்லிவிட்டு, அன்றைய மார்க்கெட் நிலவரத்தையும் சேர்த்துச் சொல்லுவார். வானொலியும் நாளிதழும் தினம் விருதுநகர் நிலவரம் சொல்லிச் சொல்லி வளர்த்த நாக்கு அது. சமையல்காரர்கள் அவரைக் கண்டால் அண்டாவை மூடுவார்கள்.

பொழுது சாய்ந்தது. அலங்காரத்தின் உச்சம் வெளிப்பட்டது. மேஜைக்கு மேஜை மெழுகுவர்த்தி. சுற்றிலும் பெரிய ஜாடிகளில், வெளிநாட்டுக் காய்ந்த புல், ஆளுயரத்துக்குக் கதிர் விட்டு நின்றது. மேலே வெள்ளை வலைத்துணி. எல்லாரும் செல்போனை எடுத்தார்கள். கூட்டாளி மூக்கை உறிஞ்சினார். "வைக்கோலுக்குப் பக்கத்துல வெளக்கு. மேல நைலான். எவன்யா இதுக்கு லைசென்ஸ் குடுத்தது?"

வெடி ஊர்க்காரனுக்கு நெருப்பென்றால் விளையாட்டு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நெருப்புக்கு இவ்வளவு பயப்படுகிறவனை வேறு எங்கும் பார்க்க முடியாது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு உள்ளே விடுகிற தொழில் அது. மருந்துக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர் பருத்தித் துணிதான் உடுத்துவார். மற்ற ஊரில் திடீரென்று பெரிய வெடிச்சத்தம் கேட்டால் 'எங்கே கல்யாணம்' என்பார்கள். இங்கே முதலில் மாடிக்கு ஓடி, புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் போன் அடிக்கும். 'எந்த ஆபீஸ்' என்ற ஒரே கேள்வி.

ஆகவே அவர் காதல் ரசம் சொட்டும் அந்த வெளிச்சத்தை மேஜை மேஜையாகப் போய் இரண்டு விரலால் நசுக்கி அணைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஈவென்ட் பெண் லைட்டரோடு ஏற்றிக்கொண்டு வந்தாள். மூன்று சுற்று இப்படி நடந்தது. கடைசியில் சமரசம்: மெழுகுவர்த்தி எரியலாம், ஆனால் ஒவ்வொரு ஜாடிக்கும் பக்கத்தில் ஒரு மணல் வாளி இருக்க வேண்டும். வாளிக்கு எங்கே போவது? அவர் வண்டியில் இருந்தது. கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள்: மேகம் போன்ற புல், பொன் வெளிச்சம், இளஞ்சிவப்பு உடையில் பெண்ணின் தோழிகள், பக்கத்திலேயே 'தீ' என்று எழுதிய சிவப்பு வாளி.

வாளி மட்டுமா இருந்தது வண்டியில்? அதுதான் அன்றைய பெருந்துயரம். தாலி ஏறும் நேரத்துக்கென்று டிக்கி நிறையக் கொண்டுவந்திருந்தார். சரவெடி இல்லை; அதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அந்தத் தீர்ப்பின் தேதியை அவர் பிள்ளையின் பிறந்தநாளைவிடச் சுத்தமாகச் சொல்லுவார். எல்லாம் பசுமைப் பட்டாசு, பெட்டியில் க்யூஆர் கோடு. ஆனால் தோப்பு மேனேஜர் கையை விரித்தார். வெடி கூடாது. காரணம்: அணில்.

மேனேஜர் பக்கம் நியாயம் உண்டு. அந்த மலையில் சாம்பல் நிற அணிலுக்கென்றே 1988 முதல் சரணாலயம் இருக்கிறது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. ஆனால் மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாசு ஆபீசுகள் இருக்க, உயிர்க் கூட்டாளி தாலி கட்டும்போது ஒரு லட்சுமி வெடிகூடப் போட முடியாமல் ஓர் அணில் வந்து மறிக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. "புலிக்குன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் மாப்ள" என்றார். பிறகு மேனேஜரிடம் தணிந்த குரலில் கேட்டார்: "அண்ணாச்சி, அணில் எந்த மரத்துல இருக்கு? நம்ம அந்தப் பக்கம் போகாம..." நடக்கவில்லை.

அந்தப் புண்ணில்தான் ஈவென்ட்காரர்கள் வேல் பாய்ச்சினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வரவேற்புக்கு நடந்து வரும் பாதையின் இருபுறமும் கறுப்புப் பெட்டிகள். ரிமோட்டை அமுக்கியதும் ஆளுயரத்துக்குப் பொறி எழும்பியது. புகை இல்லை, சத்தம் இல்லை, மருந்து வாசனை இல்லை. கூட்டாளி வாயைத் திறந்தபடி நின்றார். "ஒயர் போட்ட பூச்சட்டி!" பாதை காலியானதும் பெட்டியைப் புரட்டி அடியில் பார்த்தார். மேட் இன் சைனா. சிவகாசியில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடாத சொல் அது.

கோபம் கால் மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் அந்த மண்ணின் குணம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்துதான் சிவகாசியே சிவகாசி ஆயிற்று. ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் நம் ஆள் குந்தி உட்கார்ந்தார். "தம்பி, உள்ள போடுற பொடி என்ன பொடி? டைட்டானியமா? கிலோ என்ன ரேட்டு? ரிப்பேர் ஆன பொட்டி ஏதும் கெடக்கா, அண்ணன் எடுத்துக்கிறேன்." பையன் மிரண்டுபோய் முதலாளியைக் கூப்பிட்டான். போன் நம்பர் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாஸ்தாவை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, ராத்திரி விருதுநகர் போய் எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட எத்தனை பேர் வருகிறார்கள் என்று பந்தியிலேயே கணக்கெடுத்தார். தாம்பூலத்துக்குப் பதிலாகச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில், கழுத்தில் சணல் கயிறு கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவா, இரண்டு ஸ்பூன் அளவு. "இதைத் திங்கிறதா, கண்ணுல விட்டுக்கிறதா?" என்றார்.

ஆனால் உண்மையான நெருக்கடி மொய். அந்தப் பழுப்புத் தாளிலேயே போட்டிருந்தார்கள், அன்பளிப்பு வேண்டாம் என்று. மாப்பிள்ளையின் அப்பா முப்பது வருஷமாக ஊர்க் கல்யாணங்களில் எழுதியதெல்லாம் திரும்பி வர வேண்டிய நாள் அது. வந்திருந்த பெரியவர்களும் கவரை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே கொடுப்பது என்று தெரியாமல் மரம் மரமாகச் சுற்றினார்கள். வாங்கின மொய்யைத் திருப்பி எழுதாமல் சாப்பிட்டுவிட்டுப் போக யாருக்கும் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில், மேடையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு மாமரத்தடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முளைத்தது. ஒரு தாம்பாளம். ஒரு மஞ்சள் தடவிய நோட்டு. கூட்டாளி வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். "வாங்க மாமா, ஊரு பேரு சொல்லுங்க. எழுத்தை நல்லாக் கேட்டுக்கிடுங்க: ஆமத்தூர், ஆயிரத்து ஒண்ணு." பத்து நிமிஷத்தில் பாஸ்தா கவுண்டரைவிட நீளமாக வரிசை நின்றது. முகங்களில் அப்போதுதான் கல்யாணக் களை வந்தது.

ஈவென்ட் பெண் வேகமாக வந்தாள். "சார், இது பிளான்லயே இல்ல. இங்க என்ன நடக்குது?"

கூட்டாளி நிமிர்ந்து பார்க்கவில்லை. "வரிசையில வாங்கம்மா, பெரியவங்கள்லாம் நிக்கிறாங்க."

அவள் சுற்றிலும் பார்த்தாள். பின்னால் நின்ற ஓர் ஆச்சி, "நீயும் எழுதுத்தா, நாளைக்கு உன் கல்யாணத்துக்கு யார் செய்வா?" என்றார். அவளுக்கு என்ன தோன்றிற்றோ, டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செல்போன் உறைக்குள்ளிருந்து இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினாள்.

"ஒத்தை ரூவா?"

தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"ஊரு?"

"பெங்களூர்."

"கல்யாணம் எப்போ?"

"இன்னும் முடிவாகல சார்."

"முடிவானாச் சொல்லுங்க. பத்திரிகை நம்ம பிரஸ்ஸுல அடிச்சிரலாம், மொத்த விலைக்கு" என்று எழுதிக்கொண்டே சொன்னவர், அவள் முகத்தை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சரி, கொஞ்சம் கழிவு உண்டு" என்றார்.