ராஜா காட்டிய விரல்

தரங்கம்பாடியில் உப்புக்காற்று தின்றது போக மிச்சம் நிற்கிற டேனிஷ் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி அதைக் கட்டவைத்தவர் டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்தியன். நார்வேயும் அப்போது அவர் கையில்தான். செங்கல்லைக் கண்டால் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. நாலே வருஷத்தில் ஒரு முழு ஊரையே கட்டிப் பார்க்கும் யோகம் அடித்தது. ஊர்க்காரர்களுக்கு அதன் பெயர் வேறு.

1624 ஆகஸ்டில் ஆஸ்லோ மூன்று நாள் எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? மரத்தை அடுக்கி எழுப்பிய வீடுகள், ஒட்டி உரசும் சந்துகள், வீட்டுக்கு வீடு அடுப்பு. எரிவது அந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1567ல் சுவீடன் படை நெருங்கியபோது, 'எனக்கில்லாதது உனக்கும் வேண்டாம்' என்று சொந்தக்காரர்களே கொளுத்திவிட்டார்கள். எதிரியிடமிருந்து ஊரைக் காப்பாற்றியாயிற்று, ஊர்தான் இல்லை.

அடுத்த மாதமே ராஜா நேரில் வந்தார். பழைய இடத்தில் ஒரு குச்சிகூட நடக்கூடாது, ஆக்கெர்ஷுஸ் கோட்டையடிக்கு எல்லோரும் வாருங்கள் என்றார். தெருக்கள் கோடு போட்டாற்போல் நேராக, 15 மீட்டர் அகலத்தில். ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் தாவாது. சுவர் செங்கல்லாக இருக்க வேண்டும். முடியாதவர்கள் மரச்சட்டத்துக்குள் செங்கல்லாவது நிரப்ப வேண்டும். முழு மரவீட்டுக்குத் தடை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயரையும் மாற்றினார்: கிறிஸ்தியானியா. நம்மூர் எண் ஜோதிடர் ஒரு எழுத்தைக் கூட்டுவார், குறைப்பார். இவர் தன் பெயரையே வைத்துவிட்டார். பீடை அதற்கும் பயந்ததாகத் தெரியவில்லை. 1686ல் புது ஊரும் பற்றிக்கொண்டது. அவர் காலத்து மாதாகோயில் அதில் போயிற்று.

இதற்குள் ஏழை ஜனம் ஒரு கணக்குப் போட்டிருந்தது. செங்கல் வாங்கக் காசில்லை, காடு நிறைய மரம் இருக்கிறது, சட்டமோ ஊர் எல்லையோடு முடிகிறது. எல்லைக்கு ஓரடி தள்ளிக் கட்டினால் யார் கேட்பது? வாட்டர்லாண்ட், பிப்பர்வீக்கா என்று எல்லையை ஒட்டியே மரக்குடியிருப்புகள் முளைத்தன. மாநகராட்சி வரிக்குப் பயந்து பஞ்சாயத்து அப்ரூவல் மனையில் வீடு கட்டும் நம் தாம்பரத்து மாமாக்கள் தனி ஜாதி என்று இனிச் சொல்லாதீர்கள். நகரம் பெருத்து எல்லையைத் தள்ளிப்போட்டால், மர வீடுகளும் அடுத்த எல்லைக்குத் தாவின. காம்பனும் வோலெரெங்காவும் அப்படி வளர்ந்து, 1878ல் நகரத்துக்குள் இழுக்கப்பட்ட பேட்டைகள்தான். ஊரைத் தீயிலிருந்து காக்க வந்த சட்டம், ஊரைச் சுற்றி விறகு அடுக்கிவைத்தது.

பெயர் விவகாரம் இதைவிட வேடிக்கை. ராஜா கைகழுவிய பழைய இடத்தில் ஜனங்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் புறநகரின் பெயர் ஆஸ்லோவாகவே நின்றது. முன்னூறு வருஷம் கழித்து, 1925 ஜனவரி 1 அன்று, தலைநகரம் அந்தப் புறநகரிடமிருந்து பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பெயரைக் கொடுத்த பேட்டைக்குக் கிடைத்தது 'பழைய ஊர்' என்ற பட்டம்.

இன்று ஆஸ்லோவுக்குப் போனால், டாம்ஸ்ட்ரேடெயிலும் டெல்ட்ஹூஸ்பாக்கனிலும் அந்தக் காலத்து மரவீடுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டக்கூடாது என்ற ஜாதி வீடுகளை இப்போது இடிக்கக்கூடாது என்று பாதுகாக்கிறார்கள். அப்படியே பெரிய சந்தைத் திடலுக்கும் ஒரு நடை. 1880ல் வைத்த நான்காம் கிறிஸ்தியன் சிலை, 'ஊர் இங்கேதான்' என்று விரல் நீட்டி நிற்கிறது. அந்தத் திடல், ராஜா எழுப்பிய பழைய ஊர் மதிலுக்கு வெளியே இருக்கிறது.