ரெண்டாம் பாகத்து அண்ணா

தடாவில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, காளஹஸ்தி சாலையில் போனால் வரதய்யபாளையம். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள், உப்பலமடுகு அருவிக்குக் கிளம்பி வந்த சென்னைப் பையன்களின் பைக்குகள், இரண்டுக்கும் வழிவிட மனமில்லாத எருமைகள். இவற்றுக்கு நடுவே ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்ப்ளெண்டரில் 40-ஐத் தாண்டாமல் வருகிறாரே, அவர்தான். ஒரு காலத்தில் ஊர்ப்பட்ட போலீஸுக்குத் தண்ணி காட்டியவர் என்று சொன்னால் அந்த எருமைகூட நம்பாது.

இந்த வகை அண்ணாக்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். வயது 35-க்கு மேல். ஷிப்டு முடிந்து டீக்கடைக்கு வருவார்கள். பையன்கள் யாராவது போனில் கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தால் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி உச்சுக் கொட்டுவார்கள்.

"என்ன இருந்தாலும் அண்டர்கிரவுண்ட் மாதிரி வராது தம்பி."

அவர் சொல்வது 2003-இல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட்: அண்டர்கிரவுண்ட்' என்ற கம்ப்யூட்டர் கார் பந்தய ஆட்டத்தை. அப்போது அவருக்குப் பத்தாவது. சூலூர்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக் கணக்கில் காசு. பொத்தானைத் தட்டினால் பந்தயம், முடிந்தால் அடுத்த பந்தயம். கொடுத்த காசுக்கு ஒரு நிமிஷம் வீணில்லை.

அடுத்த வருஷமே இரண்டாம் பாகம் வந்தது. 'பேவியூ' என்று ஒரு நகரத்தையே திறந்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம் என்றார்கள். உலகமே கொண்டாடிய இந்த ஏற்பாட்டை அண்ணா இன்றுவரை மன்னிக்கவில்லை. "பந்தயம் எங்க நடக்குதுன்னு தேடிப் போறதுக்குள்ளயே அரை மணி போயிடும். அந்தக் காசை யார் குடுப்பா?" என்பார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் வீட்டில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்து ஆடியவர்களுக்குத் தோன்றவே தோன்றாத விமர்சனம் இது. போதாக்குறைக்கு அடுத்த நாள் வேறொரு பையன் வந்து, அண்ணா சேவ் செய்து வைத்த காரில் ஏறி, ஆசையாகப் பூசிய நீலத்தை அழித்துவிட்டு மஞ்சள் அடித்திருப்பான்.

இரண்டாம் பாகத்தின் இன்னொரு விசேஷம் அலங்காரம். டிக்கி நிறைய ஸ்பீக்கர், வண்டி நின்ற பிறகும் சுற்றும் சக்கரத் தட்டு. "இது எல்லாம் நம்ம ஷேர் ஆட்டோவுலயே இருக்கே, இதுக்கு அமெரிக்கா எதுக்கு?" என்று ஒதுக்கிவிட்டார். ஹம்மர் மாதிரி பெரிய வண்டிகளையும் பந்தயத்தில் விட்டார்கள். அதை அவர் டிராக்டர் ரேஸ் என்று குறிப்பிடுவதே வழக்கம்.

2005-இல் அதே வரிசையில் 'மோஸ்ட் வான்டட்'. கதை நம் ஊர்ப் பங்காளித் தகராறேதான். ரேஸர் என்பவன் சதி செய்து நம் பி.எம்.டபிள்யூவை அபகரித்துக்கொள்வான், 15 பேரை வரிசையாக ஜெயித்தால்தான் வண்டி திரும்பக் கிடைக்கும். அண்டர்கிரவுண்ட் இரண்டிலும் காணாமல் போயிருந்த போலீஸும் திரும்பி வந்தது. இதிலாவது மனுஷன் திருப்திப்படுவார் என்று பார்த்தால், "பகல்ல ரேஸு விட்டா அதுக்குப் பேரு அண்டர்கிரவுண்டா?" என்றார். பேரே வேறு என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். பலனில்லை.

அடுத்த வருஷம் 'கார்பன்' மறுபடி ராத்திரிக்குப் போனது. ஆனால் கியர் மாற்றி நேர்கோட்டில் சீறும் டிராக் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள்; அதற்கு ஒரு திட்டு. 2007-இல் 'புரோஸ்ட்ரீட்' பந்தயத்தை முறையான மைதானத்துக்குள் கொண்டுபோய், சட்டப்படி ஓட்டச் சொன்னது. இந்த ஒரு விஷயத்தில் நாமும் அவர் கட்சி. சட்டப்படி ஓட்டுவதற்குத்தான் அவரிடம் ஸ்ப்ளெண்டர் இருக்கிறதே!

பெரிய அடி 2012-இல் விழுந்தது. 'மோஸ்ட் வான்டட்' என்ற அதே பெயரில் புது ஆட்டம். ரேஸரும் இல்லை, பங்காளித் தகராறும் இல்லை. தெருவோரம் நிற்கும் காரில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கலாம். உழைக்காமல் கிடைக்கும் கார் அண்ணாவுக்கு ஒட்டவில்லை. அதே வருஷம்தான் 'பில்லா 2' படமும் வந்தது. இரண்டையும் சேர்த்தே திட்டுவார். சில சமயம் எதைத் திட்டுகிறார் என்று பிடிபடாது.

நிஜப் பந்தயமும் தப்பவில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி, மின்விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. ராத்திரி, தெரு, பந்தயம் என்று அவர் கேட்ட மூன்றும் ஒன்றாக அமைந்திருந்தன. போனில் பார்த்தார். "பட்டனை அழுத்துனா சீறுமே, அந்த நைட்ரஸ் இல்லையே," என்றார்.

சின்னபாண்டூர் பக்கம் டயர் ஆலை இருக்கிறது. ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுஸு பிக்கப் வண்டி செய்கிறார்கள். இப்படி வண்டிக்கு நடுவிலேயே பிழைக்கிறவர் கார் வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்டால், "புதுசா வர்ற வண்டி எதுவும் பழைய மாதிரி இல்லப்பா" என்று டீயை முடித்துவிடுவார்.

ஒருமுறை அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். போனில் 'ஆஸ்ஃபால்ட் 9' ஆடிக்கொண்டிருந்தவன், சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்தான்.

"என்னடா ஆச்சு?"

"ஸ்டியரிங்க அதுவே பிடிச்சுக்குது மாமா. என்ன இருந்தாலும் 8 மாதிரி வராது."

அண்ணா பையனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் துழாவி 50 ரூபாயை எடுத்து நீட்டினார். "போய் பஜ்ஜி சாப்பிடுறா, ராஜா."