கறுப்பு-மஞ்சள் பத்மினி: பாடபேதங்களும் ஒரு பதிப்பு முயற்சியும்

அமெரிக்காவில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் மேசை விளக்கின் கீழ் குனிந்து, 1964-ஆம் ஆண்டு போன்டியாக் ஜிடிஓ மஸில் காரின் சிறு மாதிரிக்குப் பிளாஸ்டிக் கூரையை அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியில் வந்த வார்ப்பு நிஜக் காரைவிட ஒரு மில்லிமீட்டர் தடித்திருக்கிறதாம். 6.4 லிட்டர் எஞ்சினுக்கு இவ்வளவு மரியாதை என்றால், பம்பாய் டாக்சியாக ஓடிய 1089 சி.சி. பிரீமியர் பத்மினி என்ன பாவம் செய்தது? இவ்வாய்வின் தோற்றுவாய் அவ்வினாவே.

‘பத்மினி மஸில் கார் அன்று’ என்பார் உளர். அவர்க்கு விடை இரண்டு. ஒன்று: வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லா ஆலையில் முதலில் பூட்டியது கிரைஸ்லர் குடும்பத்து டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளை. ஃபியட் பின்னால் வந்தது. ஆகவே டாட்ஜ் சார்ஜருக்கும் நம் பத்மினிக்கும் சம்பந்தி முறை. இரண்டு: பவர் ஸ்டீயரிங் இல்லை, கியர் ஸ்டீயரிங் தண்டில் இருந்தது. அங்கே மஸில் காருக்கு, இங்கே ஓட்டுநருக்கு. இடம்தான் மாறியது, பொருள் மாறவில்லை என்க.

இனி மூலம். 1964-இல் ‘ஃபியட் 1100 டிலைட்’ ஆகி, 1974-இல் ‘பத்மினி’ எனப் பெயர் சூடிய வண்டியின் சக்கர இடைவெளி 2340 மி.மீ. இதை 1:24-க்குச் சுருக்கினால் 97.5 மி.மீ. வருகிறது. இந்த அரை மில்லிமீட்டரைக் காப்பதற்கென்றே பம்பாய் மாதிரிக்காரர்களிடையே செம்பூர் மரபு தோன்றியது. ட்ராம்பே அணுசக்திக் கூடத்தின் காற்று படும் ஊர் அது. வெர்னியர் அளவுகோல் இல்லாத வீடு அரிது என்றால் பெரிய மிகையன்று. அம்மரபினர் நீளத்தோடு நில்லார். நீளம் 24 மடங்கு குறைந்தால் எடை 13,824 மடங்கு குறைய வேண்டும். ஏறத்தாழ 900 கிலோ வண்டி 65 கிராமாக இருந்தாக வேண்டும் என்று ஈயத் துண்டு ஒட்டி நிறுக்கிறார்கள். எஞ்சின் கொள்ளளவும் அவ்வாறே சுருங்கி 0.08 சி.சி.க்கு வந்துவிடுகிறது, அதாவது ஒன்றரைச் சொட்டு பெட்ரோல். இதற்குமேல் மைலேஜைப் பற்றிப் பேச இடமில்லை.

இத்தனையும் முடித்து வைத்த மாதிரி குற்றமற்றது. ஆனால் அது டாக்சி அன்று. ஏதோ டாக்டர் வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கும் சொந்தக் கார். பம்பாய் டாக்சியில் குர்லா ஆலை எழுதியது மூலம் மட்டுமே. அதன்மேல் ஓட்டுநரும் மெக்கானிக்கும் எழுதிய உரைதான் தெருவில் ஓடியது. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் இடைச்செருகலை நீக்குவது முறை. இங்கே இடைச்செருகலைச் சேர்க்காவிட்டால் பதிப்பே பிழை.

முதல் இடைச்செருகல், கூரைமேல் இரும்புக் கேரியர். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் குடியேறியபின் பெட்டி படுக்கைக்கு அதுவே கதி. அந்தச் சிலிண்டரால் வண்டியின் பின்புறம் சற்றுத் தாழ வேண்டும். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் போதும். செம்பூர் மரபு இதைக் ‘கோணல்’ என்று திருத்திவிடுகிறது. திருத்தியதே பிழை.

இரண்டாவது, மஞ்சள். கடையில் புட்டியில் விற்கும் எந்த மஞ்சளும் பொருந்தாது. ஏனெனில் டாக்சிக்கு நிலையான மஞ்சள் கிடையாது. ஆர்.டி.ஓ. பாஸிங்குக்கு முந்தைய நாள் பிரஷ்ஷால் பூசியது ஒரு மஞ்சள், இரண்டு மழைக்காலம் கண்டது இன்னொரு மஞ்சள். பூச்சு கண்ணாடி ஓர ரப்பர்மேலும் வழிந்திருக்க வேண்டும். கை நடுங்காதவர்கள் இவ்விடத்தில் இடக்கையால் பூசுக.

மூன்றாவது, இருக்கை. இதற்குத் தாராவிக்குத்தான் போக வேண்டும். தோல் பதனிட வந்த திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழுமிடம். கழிவுத் துண்டுக்குக்கூட அங்கே மதிப்புத் தெரியும். தையற்கடை அண்ணாச்சி ஒருவரிடம் நகமளவு ரெக்ஸின் கேட்டபோது, “பொம்மைக்கா சார்? அப்ப ஒரு ஓரம் கிழிச்சே தாரேன், முழுசா இருந்தா டாக்சின்னு எவன் நம்புவான்?” என்றார். துல்லியம் பற்றி இவ்வாய்வாளர் கேட்டவற்றுள் தலையாய சூத்திரம் இதுவே.

நீர்க்கோட்டை மறக்கலாகாது. மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் மழைக்காலத்தில் வண்டி நின்றிருந்தால் கதவில் சேற்றுக்கோடு உண்டு. அதன் உயரம் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு மிகுதி. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் பெய்தது 944 மி.மீ. 24-ஆல் வகுத்தால் 39 மி.மீ.; மாதிரியின் மொத்த உயரமோ 61-ஐச் சுற்றி. மழையளவு வேறு, தேங்கிய நீரின் ஆழம் வேறு என்று செம்பூர் மரபு ஆட்சேபிக்கும். அன்று இடுப்பளவு நீரில் வீட்டுக்கு நடந்தவர்கள் ஆட்சேபிக்கவில்லை.

பின்னணி அமைப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. செம்பூர்க் காட்சியில் பக்கத்தில் ஆட்டோ நிறுத்தலாம். மாதுங்காவில் கூடாது, சயானுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியில்லை. ஃபில்டர் காபி டம்ளரின் நுரைவரை செதுக்கி, வாசலில் ஆட்டோவை நிறுத்தி மானம் இழந்த மாதிரியை இவ்வாய்வாளர் கண்டதுண்டு.

காலமும் முக்கியம். நகரில் கடைசிப் பத்மினி டாக்சி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது 2003 அக்டோபர் 29. டாக்சிக்கு வயது வரம்பு 20 என்பதால் 2023 அக்டோபர் 30 முதல் தெருவில் ஒன்றும் இல்லை. எனவே மாதிரியில் மின்னணு மீட்டர் வைப்பவர் அந்திமக் காலத்தவர். இடப்பக்கம் வெளியே துருத்தும் இயந்திர மீட்டர் வைப்பவர் செவ்வியல் காலத்தவர். நாம் செவ்வியலார்.

அங்கேதான் கடைசிச் சிக்கல். மீட்டரின் கொடி நிமிர்ந்திருக்க வேண்டுமா, கவிழ்ந்திருக்க வேண்டுமா? மீட்டர் டவுன் என்றால் உள்ளே சவாரி வேண்டும். 1:24-இல் சவாரிக்கு ஆள் செய்வது இன்னொரு ஆறு மாத வேலை. மாதுங்கா மாமா ஒருவரே தீர்த்துவைத்தார். வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று கேட்டார். மாதுங்கா ஸ்டேஷன் வாசலில் என்றேன். எங்கே போக வேண்டும்? சயானுக்கு.

“சயானுக்கா? அப்படீன்னா கொடி நிமிர்ந்தே இருக்கட்டும். அவ்வளவு கிட்டத்துக்கு எந்த டாக்சிக்காரன்டா வருவான்!”