ரிவர்ஸ் எடுத்தலும் ரிவர்ஸ் எடுத்தல் நிமித்தமும்

தொல்காப்பியர் பாலைக்கு நிலம் ஒதுக்கவில்லை. நிலமே இல்லாமல் ஒரு திணை இருக்கலாம் என்று அவரே வாசலைத் திறந்து வைத்திருக்க, அந்த வழியாக இன்னொரு திணையை இதுவரை யாரும் உள்ளே அழைத்துவராதது தமிழாய்வின் சோம்பல் என்றே சொல்ல வேண்டும். அக்குறையைத் தீர்க்க முனையும் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட களம், ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பிளேர் கோட்டை வளாகத்தில் உள்ள கேரவன் பூங்கா. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துவந்த வீட்டைப் புல்தரையில் நிறுத்தி, இரவுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துக் குடும்பத்தோடு தங்கும் இடம் அது. வீடு சொந்தம், நிலம் வாடகை. பாலைக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு இருக்க முடியாது.

முதற்பொருளில் நிலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழ வாய்ப்புண்டு. மலை இருக்கிறது, காடு இருக்கிறது, பக்கத்தில் டில்ட் ஆறு ஓடுகிறது. கோட்டைத் தோட்டத்தில் மயில் உலாவுகிறது. மயிலைக் கண்டதும் குறிஞ்சி என்று முடிவு கட்டும் அவசரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அருகில் வேங்கை இல்லை; தோப்பில் நிற்பது டக்ளஸ் ஃபிர். மயில் அங்கே விருந்தாளி, கேரவன்காரரைப் போலவே. புறத்திணை வேண்டுவோரும் ஏமாற வேண்டியதில்லை. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் ஒரே தனியார் படையான அத்தோல் ஹைலாண்டர்ஸ் இந்தக் கோட்டையின் டியூக்குக்கு உரியது. மே மாதக் கடைசியில் அணிவகுப்பும் நடத்தும். யாரோடும் போர் இல்லாததால் வெட்சி, கரந்தை முதலியவை பற்றி இங்கே பேச்சில்லை.

பொழுதுதான் சிக்கல். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் ஆறும் ஆளுக்கு இரண்டு மாதம் என்று பங்கு பிரித்துக்கொண்டிருப்பதாக நாம் படித்தோம். இங்கே காலைச் சிற்றுண்டிக்கும் மாலைத் தேநீருக்கும் நடுவிலேயே நான்கு வந்துபோய்விடுகின்றன. சிறுபொழுதில் யாமம் ஜூன் மாதத்தில் கிட்டத்தட்ட இல்லை. இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. நாலரைக்கெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. வெளிச்சம் இருக்கும்வரை அது பகல்தான் என்பது ஊஞ்சலில் தொங்கும் பிள்ளைகளின் வாதம். அதை எதிர்கொள்ளப் பெற்றோரிடம் இருப்பது ஜன்னலில் இழுத்துவிடும் திரை ஒன்றுதான்.

இத்திணையின் முதல் ஆசிரியர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கார்டன் ஸ்டேபிள்ஸ் கடற்படை மருத்துவராக இருந்து, சிறுவர் சாகசக் கதை எழுதுபவராக மாறியவர். 1885இல் பிரிஸ்டல் வண்டித் தொழிற்சாலையில் சொல்லி, மகோகனியும் மேப்பிளும் இழைத்து, ஏறக்குறைய இரண்டு டன் எடையில் ஒரு வண்டிவீடு செய்துகொண்டார். ‘வாண்டரர்’ என்று பெயர் வைத்தார். இரண்டு குதிரைகள் இழுக்க, இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து இன்வர்னஸ் வரை போனார். கூடவே ஒரு நாய், ஒரு கொண்டைக்கிளி, ஒரு வண்டிக்காரன், ஒரு வேலையாள். வேலையாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போய், பின்னால் வருவது என்ன என்று வழியில் இருப்பவர்களை எச்சரித்தான். இன்று குறுகிய மலைச்சாலையில் கேரவனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நகரும் கார்க்காரர்கள், அந்த ஒரு பதவி மட்டும் ஏன் ஒழிந்தது என்று நினைப்பதுண்டு. பயணத்தை ஸ்டேபிள்ஸ் அடுத்த ஆண்டே நூலாக்கினார். 1907இல் கேரவன் கிளப் தொடங்கியபோது துணைத்தலைவரானார்.

நகைச்சுவைக்குச் சற்று ஓய்வு கொடுத்து ஒன்றைக் குறிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஸ்காட்லாந்தில் கூடாரம் அடித்து வாழ்ந்த நாடோடிக் குடும்பங்கள், நிலக்காரர் அனுமதியின்றித் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம் என்று 1865இல் சட்டம் வந்தது. இருபது ஆண்டு கழித்து அதே மலைகளுக்கு மகோகனி வண்டியில் வந்த மருத்துவரை ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

இனி உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல். கேரவன் திணைக்கு ரிவர்ஸ் எடுத்தலும் ரிவர்ஸ் எடுத்தல் நிமித்தமும். இது கட்டுரையாளரின் கண்டுபிடிப்பு என்று அடக்கத்தோடு பதிவு செய்துகொள்கிறோம்.

தலைவன் காரில் இருக்கிறான். தலைவி கேரவனுக்குப் பின்னால் நின்று கையசைக்கிறாள். பின்னோக்கிப் போகும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் கேரவனின் வால் வலப்பக்கம் போகும். கொஞ்சம் கூடிப்போனால் காரும் கேரவனும் பேனாக்கத்திபோல் மடங்கிக்கொள்ளும். இந்நிலையில் தலைவி “இடது!” என்கிறாள். அது காரின் இடதா, கேரவனின் இடதா, எதிர்முகமாக நிற்கும் அவளுடைய இடதா, ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டிய இடதா? ஒரு சொல்லுக்கு நான்கு பொருள். பரிமேலழகர் இருந்தால் ஒன்றைத் தேர்ந்து மற்ற மூன்றையும் மறுத்திருப்பார். தலைவன் உரையாசிரியன் அல்லன். ஐந்தாவதாக ஒன்றைத் தேர்கிறான். தலைவி கண்ணாடியில் தெரியாத இடத்துக்கு நகர்ந்துவிட்டதால் அவள் கையசைப்பும் வீணாகிறது. வண்டிக்கு வண்டி ஆறு மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது தீ பரவாமல் இருக்க வகுத்த விதி. அது இல்லறத்துக்கும் ஒருவகைப் பாதுகாப்பு: அடுத்த வீட்டுக்குச் சொற்கள் முழுதாகப் போய்ச் சேருவதில்லை, தொனி மட்டுமே போகிறது.

கண்டோர் கூற்று இங்கே மௌனம்தான். சுற்றியுள்ள கேரவன்களில் தேநீர்க் கோப்பையோடு அமர்ந்திருப்பவர்கள் செய்தித்தாளைப் பார்ப்பதாகப் பாவனை செய்வார்கள். பக்கம் மட்டும் புரளாது. மூன்றாம் முயற்சியும் தோற்றால் ஒருவர் எழுந்து வருவார். ஒன்றும் பேசாமல் கேரவனைக் காரிலிருந்து கழற்றச் சொல்லி, நாலு பேராகக் கையால் தள்ளி இடத்தில் நிறுத்திவிட்டுப் போவார். நன்றி சொல்ல வேண்டியவன் தலைவன், சொல்பவள் தலைவி, அவள் சொல்லும் விதத்தில் தலைவனுக்கும் ஒரு செய்தி இருக்கும். மருதத்தில் ஊடலுக்குப் பரத்தை காரணம். இங்கே காரணம், வாங்காமல் விட்ட ‘மோட்டார் மூவர்’. சக்கரத்தோடு உருளையை அழுத்தி, ரிமோட்டால் கேரவனைத் தானே நகரவைக்கும் கருவி அது. அது உள்ள குடும்பங்களில் உரிப்பொருள் அடியோடு அழிந்துவிட்டது. அவர்களைத் திணை மயக்கத்தில் சேர்க்கலாம்.

நிறுத்தியபின் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் சரிவுக்கட்டை வைத்து ஏற்றி, நான்கு மூலையிலும் கால்களைச் சுழற்றி இறக்குவார்கள். பித்து என்று எண்ண வேண்டாம். வெப்பத்தால் ஓடும் கேரவன் ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது.

கருப்பொருளில் உணவு: சதுர சாசேஜ், மழையில் குடை பிடித்துச் சுட்டது. பறை: கூரைமேல் மழை. யாழ்: இரவு பதினோரு மணிக்குமேல் தடை. தெய்வம்: வார்டன். இவற்றுக்கு விளக்கம் வேண்டாம். தொழில் மட்டும் விரிவாகப் பார்க்கத்தக்கது.

நாற்பது லிட்டர் பிடிக்கும் நீர் உருளையைக் கைப்பிடி மாட்டித் தரையில் உருட்டி வருவது பிள்ளைகளின் உரிமை. வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவி வைக்காத பிள்ளை, இங்கே உருளைக்காக உடன்பிறப்போடு சண்டை போடும். கழிவறைப் பெட்டியை வெளியே இழுத்து, அதற்கென்று உள்ள தொட்டிக்குக் கொண்டுபோய்க் கவிழ்ப்பது தலைவனின் கடமை. அந்த நடைக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. எதிரே வருபவருக்குக் காலை வணக்கம் சொல்லலாம், வானிலையைப் பற்றி ஒரு வரி சொல்லலாம். நிற்கக் கூடாது, கையில் இருப்பதைப் பார்க்கக் கூடாது. காலியான பெட்டியோடு திரும்பும்போது நின்று பேசலாம்.

மின்சாரம் கம்பத்திலிருந்து ஆரஞ்சு நிறக் கேபிளில் வருகிறது. பத்து ஆம்பியர் மட்டுமே தரும் இடத்தில், 230 வோல்ட்டுக்கு அது 2300 வாட். வீட்டுக் கெட்டில் ஒன்றே மூவாயிரம் வாட் கேட்கும். புதிதாக வந்தவர் எவர் என்று அறிய வருகைப் பதிவேடு பார்க்க வேண்டியதில்லை. காலையில் கெட்டிலைப் போட்டதும் யார் பைஜாமாவோடு கம்பத்தை நோக்கி நடக்கிறார் என்று பார்த்தால் போதும்.

இத்திணையின் விலங்கு மிட்ஜ். கொசுவினும் மிகச் சிறியது. இறகு விரித்தால் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும். அறிவியல் பெயர் குலிகாய்டஸ் இம்பங்டேட்டஸ். மே முதல் செப்டம்பர்வரை, காற்றடங்கிய, மேகம் மூடிய காலையும் மாலையும் கூட்டமாகப் புறப்படும். கடிப்பது பெண் மட்டுமே. ஒன்று கடித்ததும் மற்றவற்றை வாசனையால் அழைத்துவிடும். நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் என்பதால், அகப்பாட்டுத் தலைவிபோல் மாலை நேரத்தில் நெடுமூச்செறிவது இந்நிலத்தில் கூடாது. மிட்ஜ் முன்னறிவிப்பு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பிட்டு வெளியாகிறது. நொடிக்கு மூன்று மீட்டருக்குமேல் காற்று வீசினால் அவற்றால் பறக்க முடியாது. ஆகவே கூடாரத் துணியைப் பிய்த்தெறியும் காற்றை மனமார வாழ்த்தும் மக்களை இங்கே காணலாம். ஏவான் நிறுவனத்தின் தோல் எண்ணெய் ஒன்றை இதற்கென்றே பூசிக்கொள்வோரும் உண்டு.

பல பூங்காக்களில் ஒரு மூலையில் ‘ஸ்டாட்டிக்’ கேரவன்கள் நிற்கும். இவற்றை எத்திணையில் அடக்குவது? ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தக்கூடியதே கேரவன் என்கிறது 1960ஆம் ஆண்டுச் சட்டம். நகரக்கூடியது என்ற காரணத்தால்தான் அது வீடு ஆகாமல் தப்பி, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்க உரிமை பெறுகிறது. உரிமையாளர்கள் முதலில் செய்யும் வேலை, சக்கரம் தெரியாமல் சுற்றிலும் பலகை அடிப்பது. பிறகு படி, தாழ்வாரம், பூத்தொட்டி. ரிவர்ஸ் எடுத்தல் இவர்களுக்கு இல்லை, இருத்தல்தான். ஆகவே முல்லை என்று தீர்ப்பளித்திருப்போம், ஆனால் குளிர்காலத்தில் சில வாரம் பூங்காவை மூடிவிடுகிறார்கள். அப்போது தலைவன் தன் கேரவனைப் பிரிந்து கிளாஸ்கோவில் உள்ள சொந்த வீட்டுக்கே போக நேர்கிறது. வீட்டைப் பிரிவதற்குப் பதில் வீட்டுக்குப் பிரியும் இந்தப் பிரிவுக்கு இலக்கணத்தில் முன்மாதிரி இல்லை. பிரிதல் நிமித்தமாக அவன் செய்பவை: குழாய்த் தண்ணீரை முழுக்க வடித்தல், கேஸை மூடுதல், தண்ணீர் உறைந்து பீங்கான் வெடிக்காதபடி கழிவறையில் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுதல். இவற்றுள் எதைப் பாலைக்குரிய மெய்ப்பாடாகக் கொள்வது என்பதைப் பேராசிரியர்கள் கூடி முடிவு செய்யட்டும். ஆன்டிஃப்ரீஸுக்கு எம் வாக்கு உண்டு.