பிரெஞ்சுக்காரன் காலம்: ஒரு கால ஆராய்ச்சி

பல்லவர் காலம், சோழர் காலம் என்று அறிஞர்கள் வகுத்து வைத்திருப்பவை காரைக்காலில் செல்லாது. இங்கே காலம் இரண்டுதான்.

முதலாவது, அம்மையார் காலம். மாங்கனி. (ஆதாரம்: ஆனி மாதம்.) அம்மையாராகிய புனிதவதியாரைப் பெரும்பாலோர் 6ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அதற்கும் அடுத்த காலத்துக்கும் நடுவே ஏறத்தாழ 1,200 ஆண்டு சும்மா கிடக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் காளமேகம் வசைபாடி மண்மாரி பெய்ய வைத்தார் என்பார்கள். அது பட்டினத்துக்காரர்கள் சமாச்சாரம், விடுவோம்.

இரண்டாவது, பிரெஞ்சுக்காரன் காலம். கவர்னர் டூமா 1738இல் தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜியிடம் பேரம் பேச, 1739 பிப்ரவரியில் ஊர் கைக்கு வந்தது என்பது ஏட்டுக் கணக்கு. ஊர்க்கணக்கில் அது தொடங்கவில்லை, இருந்தது. 1760இல் இங்கிலீஷ்காரன் பிடித்தான். 1817 வரை ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. ஆனால் ஊரார் இங்கிலீஷ்காரன் பேரில் ஒரு மதகுகூட எழுதி வைக்கவில்லை.

முடிவிலும் இதே சிக்கல். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியா என்றார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16. இடையில் கிடக்கும் ஏழே முக்கால் ஆண்டு அறிஞர்களுக்கு ஒரு கருத்தரங்கம். ஊராருக்கோ, ஆகஸ்ட் 15ஐயும் சேர்த்துச் சுதந்திரத்துக்கு மூன்று லீவு.

இனி மதகுக்கு வருவோம், இக்கட்டுரையே அதற்காகத்தான். செங்கல், சுண்ணாம்பு, உச்சியில் ஒரு அரசங்கன்று, இன்னும் விழவில்லை: இந்நான்கும் பொருந்தினால் அது பிரெஞ்சுக்காரன் கட்டியது (டீக்கடை, வாய்மொழி). விழுந்துவிட்டால் அது நம்ம ஆள் கட்டியது (மேலது, வலப்பக்க பெஞ்சு). விழுந்ததற்குப் பக்கத்திலேயே விழாத பாதி நின்றால், நிற்கும் பாதி மட்டும் பிரெஞ்சு (மேலது, அதே பெஞ்சு, இரண்டாம் டீ, சொன்னவர் மறுநாள் இதை மறுத்தார், மறுத்ததை அவர் மைத்துனர் மறுத்தார், டீக்கடைக்காரர் இருவரையும் மறுத்துப் பழைய பாக்கியைக் கேட்டார்). இவ்விதியால் வேப்பமரம், அலமாரி, ஒரு மாமியாரின் பிடிவாதம் ஆகியவற்றுக்கும் காலம் கணித்திருக்கிறார்கள். மூன்றும் பிரெஞ்சு.

வெளியூர் ஆய்வாளர்கள் இதற்குக் ‘கூட்டு நினைவு’ என்று பெயரிட்டுள்ளனர். மூன்று நாள் தங்குகிறார்கள். இரண்டு நாள் திருநள்ளாற்று வரிசையில் போய்விடுகிறது. மீதி ஒரு நாளில் எங்கள் ஊரார் நினைவு முழுவதும் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தெழுதுகிறார். டீக்கடையிலும் அதேதான், அங்கே டீ கிடைக்கும்.

கள ஆய்வாக நானே ஒரு வாய்க்கால் மதகில் பாசியைச் சுரண்டினேன். சிமெண்டில் விரலால் எழுதிய ஆண்டு தெரிந்தது: 1986. கரையில் ஆடு மேய்த்த பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, தடவி, நிதானமாகப் பார்த்தார்.

“அது பூசுன வருசம் தம்பி.”

(மேலது.)